வீடும் அதைப் பெற்ற குழியும்: ஸ்காட்னி கல்மாளிகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், லம்பர்ஹர்ஸ்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஸ்காட்னி காசில் இருக்கிறது. மேட்டின் மேல் ஒரு மணற்கல் மாளிகை, விக்டோரியா காலத்தின் தொடக்கத்தில், 1843-இல் கட்டி முடித்தது. கீழே பள்ளத்தாக்கில், நீர் சூழ்ந்த திட்டில், பழைய கோட்டை ஒன்றின் இடிபாடு. இரண்டுக்கும் நடுச் சரிவில் ஒரு கல்குவாரி. வீட்டுக்கு யார் விருந்தாக வந்தாலும் அங்கே ஒரு நாள் கூட்டிப்போவது என் வழக்கம். போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத்தான் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

விக்டோரியா காலத்தின் தொடக்கம் என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள்?

விக்டோரியா அரசியானது 1837 ஜூன் 20. ஆட்சி 1901 வரை நீண்டது. அதில் ஏறக்குறைய 1850 வரையிலான காலத்தைத் தொடக்கம் என்பார்கள். ஸ்காட்னி வீட்டின் வரைபட வேலை 1835-இலேயே, நான்காம் வில்லியம் மன்னராக இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது. ஆனால் வீடு வீடாக எழுந்து நின்றது விக்டோரியா காலத்தில்தான்.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ரயில் இன்னும் எல்லா ஊருக்கும் வரவில்லை. ஸ்காட்னிக்குப் பக்கத்துப் பெரிய ஊரான டன்பிரிட்ஜ் வெல்ஸுக்கு ரயில் வந்தது 1845-இல். வீடு அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்துவிட்டது. அப்புறம் ரயில் பாதை பரவியதும் எங்கோ வெட்டிய கல்லையும் எங்கோ சுட்ட செங்கல்லையும் எந்த ஊருக்கும் கொண்டுபோக முடிந்தது. அதற்கு முன்னால் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். கல் கனமான சரக்கு. தூரம் கூடக்கூட வண்டிக்கூலி கல்லின் விலையையே மிஞ்சிவிடும். அதனால் அந்தக் காலத்துக் கல்வீடுகள் பெரும்பாலும் தாம் நிற்கிற மண்ணின் நிறத்திலேயே இருக்கின்றன.

கண்ணாடிக்கும் அப்போது வரி இருந்தது, 1845-இல்தான் நீக்கினார்கள். ஜன்னல்களின் எண்ணிக்கைக்குத் தனி வரி, அது 1851 வரை. அந்தக் காலத்து வீட்டில் அகலமான ஜன்னல் ஒன்றைப் பார்த்தால், யோசித்து, செலவை ஏற்றுக்கொண்டு வைத்த ஜன்னல் அது என்று புரிந்துகொள்ளலாம்.

கோட்டை என்கிறார்கள், ஆனால் வீடு மாதிரிதானே இருக்கிறது?

வீடுதான். கோட்டை என்ற பெயர் கீழே இருக்கிற பழைய இடத்திலிருந்து மேலே ஏறி வந்தது. பழைய கோட்டையை 1378 முதல் 1380 வாக்கில் ரோஜர் ஆஷ்பர்ன்ஹாம் கட்டினார். அதன் வட்டக் கோபுரம் ஒன்று, கூம்புக் கூரையோடு இன்னும் நிற்கிறது. புதிய வீடு கட்டியதும் பெயரைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

யார் கட்டினார்கள்?

எட்வர்ட் ஹஸ்ஸி. 1807-இல் பிறந்தவர். அவருடைய தாத்தா, அவர் பெயரும் எட்வர்ட்தான், 1778-இல் இந்த நிலத்தை வாங்கினார். பழைய வீடு தாழ்ந்த இடத்தில், அகழி நீருக்கு நடுவே இருந்தது. பேரன் தலையெடுத்ததும் மேட்டுக்குக் குடிபோக முடிவு செய்தார்.

கட்டடக்கலைஞர் ஆண்டனி சால்வின். பழைய கோட்டைகளைப் புதுப்பிப்பதில் அந்த நூற்றாண்டில் பெரிய பெயர் அவருக்கு. லண்டன் டவரிலும் ஆல்ன்விக் கோட்டையிலும் பிற்பாடு வேலை செய்தவர். இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும்: நிலக்காட்சி வல்லுநர் வில்லியம் சாரே கில்பின். வீட்டை எந்த இடத்தில் வைப்பது, எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று ஆலோசனை சொன்னவர் அவர். என்னைக் கேட்டால் ஸ்காட்னியின் பெருமையில் பாதி அந்த முடிவுக்குச் சேரும்.

வீட்டின் பாணி டியூடர் மன்னர்களின் காலத்தை, அதாவது பதினாறாம் நூற்றாண்டை, திரும்பிப் பார்ப்பது. முக்கோணக் கூரைமுகப்புகள், கல்லிலேயே செதுக்கிய ஜன்னல் சட்டங்கள், உயரமான புகைபோக்கிகள். அந்த ஆண்டுகளில் ஆங்கிலேயர்களிடையே அந்தப் பாணிக்கு ஓர் அலை இருந்தது. 1834-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்துபோய், மறு ஆண்டு புதிய நாடாளுமன்றத்துக்குப் போட்டி அறிவித்தபோது, வடிவமைப்பு இடைக்காலத் தேவாலயங்களின் கோதிக் பாணியிலோ முதலாம் எலிசபெத் காலப் பாணியிலோதான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கிரேக்க, ரோமானியத் தூண்களை விட்டுச் சொந்த நாட்டின் பழசுக்குத் திரும்பிய காலம் அது. ஆனால் ஸ்காட்னியில் ஆடம்பரம் குறைவு. சால்வினே லிங்கன்ஷையரில் கட்டிய ஹார்லக்ஸ்டன் மாளிகையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் தெரியும். அங்கே கல்லில் கச்சேரியே நடக்கிறது. இங்கே சுவர் சும்மா நிற்கிறது, அழகாக நிற்கிறது.

இவ்வளவு பெரிய மாளிகைகள் நிறைய இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன தனி மதிப்பு?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

வீட்டுக்கு வேண்டிய மணற்கல்லை ஹஸ்ஸி வெளியிலிருந்து வாங்கவில்லை. வீட்டுக்கு நேர் கீழே, அதே சரிவில் குழி தோண்டி எடுத்தார். ஆக, மேலே எத்தனை சுவர் எழுந்ததோ அதற்கு ஏற்பக் கீழே பள்ளம் விழுந்தது. சாதாரணமாக வீடு முடிந்ததும் அந்தப் பள்ளத்தை மூடிவிடுவார்கள், அல்லது குப்பை கொட்டுவார்கள், புதர் மண்டவிடுவார்கள். ஹஸ்ஸி அதைத் தோட்டமாக்கினார். வெட்டிய பாறை முகங்கள் அப்படியே தெரிய, அவற்றின் இடுக்கிலும் அடிவாரத்திலும் செடி வைத்தார்கள். இன்று மே மாதத்தில் போனால் ரோடோடென்ட்ரான், அசேலியா பூக்கள் பாறையின் மேல் வழிந்துகொண்டிருக்கும்.

குழியின் மேல் விளிம்பில் கல்லால் ஒரு பார்வை மேடை கட்டியிருக்கிறார்கள். பாஸ்டியன் என்பார்கள். அதில் நின்று முன்னால் பாருங்கள். முதலில் காலடியில் குவாரியின் பள்ளம், அப்புறம் மரங்கள், அதற்கும் கீழே நீரும் பழைய கோபுரமும், பின்னணியில் எதிர்க் கரையின் காடு. ஓவியர் ஒருவர் முன்புலம், நடுப்புலம், பின்புலம் என்று பிரித்து வரைவதைப்போல நிலத்தையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பிக்சரெஸ்க், ஓவியத்தன்மை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வளர்ந்த அழகியல் அது. அதை எழுத்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் இன்னொரு வில்லியம் கில்பின், நம் கில்பினின் பெரியப்பா.

இப்போது திரும்பி வீட்டைப் பாருங்கள். அந்தக் காட்சியின் முன்புலமான பள்ளமும் இப்போது உங்கள் கண்முன் நிற்கும் சுவரும் ஒரே கல். ஒன்றில் குறைந்ததுதான் இன்னொன்றில் கூடியிருக்கிறது. வீட்டைத் தனியாக மதிப்பிட்டால் நல்ல டியூடர் பாணி மாளிகை என்று சொல்லலாம், அவ்வளவுதான். வீடு, குழி, இடிபாடு மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் இதற்கு ஈடாக நான் இன்னொன்றைப் பார்த்ததில்லை. குவாரியை மூடினால் வீட்டின் ஒரு கல்லைக்கூடத் தொடாமலே வீட்டைக் கெடுத்துவிடலாம். மரபுச் சின்னம் பற்றிப் பேசும்போது நாம் சுவரை மட்டும் பார்க்கிறோம். சுவர் எங்கிருந்து வந்தது என்ற இடத்தையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் கதை முழுசாகும்.

பழைய வீட்டை வேண்டுமென்றே இடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பழைய கோட்டைக்குள் 1630 வாக்கில் கட்டிய மூன்று மாடிக் கிழக்குப் பகுதி ஒன்று இருந்தது. 1843-இல் புதிய வீடு முடிந்ததும் அதில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, மிச்சச் சுவர்களை இடிபாடாக நிற்க வைத்தார்கள். மேலே வீட்டிலிருந்து பார்க்கும்போது ஓர் அழகான சிதைவு தெரிய வேண்டும் என்பதற்காக. கூரை இல்லாத அந்தச் சுவர்களின் ஜன்னல் வழியாக இன்று வானம் தெரிகிறது. எலிசபெத் காலத்துப் பகுதியை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். எஸ்டேட் மேலாளர் 1905 வரை அதில் குடியிருந்தார்.

அது சரியா? பழமையை அழித்தவரைப் பாராட்டலாமா?

எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு. அந்தப் பழைய வீடு வெறும் வீடு அல்ல. டாரெல் என்ற கத்தோலிக்கக் குடும்பம் ஏறத்தாழ 350 ஆண்டுகள் வைத்திருந்தது. கத்தோலிக்க வழிபாடு சட்டவிரோதமாக இருந்த நாளில், 1591 முதல் 1598 வரை ரிச்சர்ட் பிளவுண்ட் என்ற சேசு சபைப் பாதிரியாரை அங்கே ஒளித்து வைத்திருந்தார்கள். சோதனை போட ஆட்கள் வந்தபோது அவர் சுவரேறி அகழியில் குதித்துத் தப்பினார். அப்படிப்பட்ட இடத்தின் ஒரு பகுதியைக் காட்சிக்காக உடைத்தது வலிக்கத்தான் செய்கிறது. இன்று யாராவது அப்படிச் செய்ய அனுமதி கேட்டால் கிடைக்காது.

ஆனால் ஹஸ்ஸி அதைத் தரைமட்டமாக்கவில்லை, கல்லை எடுத்துப் புது வீட்டுக்குப் போடவுமில்லை. பழசு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் புது வீட்டைத் திருப்பியே வைத்தார். அவர் உடைத்ததும் சேர்ந்துதான் இப்போது வரலாறாகிவிட்டது. அந்த வெற்றுச் சுவருக்குக் கூரை போட்டுப் பழையபடி ஆக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்ப்பேன்.

டைனோசர் கால்தடம் இருக்கிறது என்கிறார்களே?

குவாரித் தோட்டத்தில் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. இந்தப் பகுதியின் மணற்கல், அந்தக் காலத்தில் ஆறுகளும் ஈர நிலங்களும் கொண்டுவந்து படியவைத்த மணல். ஈர மண்ணில் ஒரு விலங்கு மிதித்த பள்ளத்தை அடுத்து வந்த மணல் நிரப்பி, இரண்டும் பாறையாக இறுகிவிட்டன. கல் வெட்டும்போது அது வெளியே வந்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதலில் காட்டிவிடுங்கள், அப்புறம் அவர்களே வீட்டுச் சுவரையும் உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

சுவரில் என்ன பார்க்க வேண்டும்? எனக்குக் கல் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கிட்டே போங்கள், ஒரு கை தூரத்துக்கு. மணற்கல் முழுவதும் ஒரே நிறமாக இருக்காது. பழுப்பு கலந்த பொன்னிறம், சாம்பல், சில கல்லில் துருப்பிடித்தது போன்ற செம்மஞ்சள் தீற்று. அது கல்லுக்குள் இருக்கும் இரும்பு. இன்னும் கூர்ந்து பார்த்தால் சில கற்களில் மெல்லிய வரிகள் ஓடும். மணல் படிந்த அடுக்குகள் அவை. நல்ல கொத்தனார் அந்த வரி படுக்கையாக இருக்கும்படிதான் கல்லை வைப்பார், அதாவது பூமியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே. சுவரின் பாரம் அடுக்குகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வரி நிமிர்ந்து, முகத்துக்கு இணையாக நிற்கும்படி வைத்துவிட்டால் மழையும் பனியும் புகுந்து, புத்தகத்தின் தாள் பிரிவதுபோல் கல் செதில் செதிலாக உதிரும். பழைய கல்வீடு எதற்குப் போனாலும் உதிர்ந்த கல் ஒன்றைக் கண்டால் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

இன்னொரு சங்கதி. பூமியிலிருந்து புதிதாக எடுத்த மணற்கல்லில் ஈரம் இருக்கும், உளிக்கு எளிதாக இணங்கும். காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகும். குவாரி வாசலிலேயே இருந்ததால் வெட்டிய ஈரத்தோடு செதுக்க வசதி.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சாந்தையும் கவனியுங்கள். இந்தக் காலத்து வீடுகளில் அது சுண்ணாம்புச் சாந்து. கல்லைவிட மென்மையானது, மூச்சுவிடும். சுவர் குடித்த மழைநீர் அந்தச் சாந்து வழியாகவே ஆவியாகி வெளியேறும். சாந்து தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கல் தப்பித்துவிடும். இது தெரியாமல் பிற்பாடு சிமென்ட் பூசிய வீடுகள் ஏராளம். சிமென்ட் இறுக்கமானது. ஈரம் அதன் வழியே வர முடியாமல் கல்லின் வழியே வரும், குளிர்காலத்தில் உள்ளேயே உறைந்து விரியும், கல்லின் முகம் பிளக்கும். கடைசியில் சிமென்ட் கோடு மட்டும் வலைபோல் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்து போயிருக்கும். இப்படி நாசமான சுவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். செய்தவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், இருந்தாலும்.

‘கிரேடு 1’ என்றால் என்ன?

இங்கிலாந்தில் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கு ஓர் அரசுப் பட்டியல் உண்டு. ஏறக்குறைய நான்கு லட்சம் பதிவுகள். மூன்று தரம்: ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு. முதல் தரத்தில் இருப்பவை சுமார் 2.5 சதவீதம்தான். ஸ்காட்னியின் மாளிகை அந்த வரிசையில் இருக்கிறது.

1700-க்கு முன் கட்டி, பழைய பொருள்கள் கணிசமாக மிஞ்சியிருக்கும் கட்டடங்கள் எல்லாமே பட்டியலுக்குத் தகுதி. 1700 முதல் 1850 வரையிலானவற்றில் பெரும்பாலானவை சேரும். 1850-க்குப் பிறகு கட்டியவை ஏராளம் என்பதால் சலித்துத்தான் எடுப்பார்கள். விக்டோரியா காலத் தொடக்கத்து வீடு இந்தக் கோட்டுக்கு இப்பால் விழுவது அதன் அதிர்ஷ்டம்.

எப்போதுமே அப்படி இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விக்டோரியா காலக் கட்டடம் என்றாலே முகம் சுளித்தார்கள். லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முன்னால் 1837-இல் எழுப்பிய மாபெரும் கல்வாயிலை 1961-62-இல் இடித்தே விட்டார்கள். விக்டோரியா காலக் கட்டடங்களுக்காகப் பேசத் தனிச் சங்கம் 1958-இலேயே உருவாகியிருந்தது, கடுமையாகப் போராடியது, காப்பாற்ற முடியவில்லை. அந்த இழப்புக்குப் பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது.

நானும் இங்கே ஒரு பழைய கல்வீடு வாங்கியிருக்கிறேன். ஜன்னலை மாற்றலாமா?

முதலில் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் உள்ளூர் கவுன்சிலிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். ‘வெளியேதானே பட்டியல், உள்ளே என் இஷ்டம்’ என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்பு, கதவு எல்லாமே அடக்கம். வீட்டு வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் மதில், கொட்டகைகூட அடங்கலாம். அனுமதியில்லாமல் செய்வது கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும்படி உங்களிடமே கேட்கவும் முடியும். அதனால் வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

பழைய மரச்சட்ட ஜன்னல்களை எடுத்து எறிவதற்கு முன் ஒரு நல்ல தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் அடிக்கட்டை மட்டும்தான் உளுத்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம்.

இப்போது யாருடையது?

மரபிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பினுடையது. எட்வர்ட் ஹஸ்ஸியின் பேரன் கிறிஸ்டோபர் ஹஸ்ஸி 1970-இல் இறந்தபோது அதற்கு எழுதி வைத்துவிட்டார். அவர் கட்டடக்கலை எழுத்தாளர். பிக்சரெஸ்க் அழகியலை முறையாக ஆராய்ந்து 1927-இல் புத்தகம் எழுதியவர். அந்த யோசனை அவருக்கு வந்ததே இந்த வீட்டு நூலகத்தின் ஜன்னல் வழியாகக் கீழே பழைய கோட்டையைப் பார்த்தபோதுதான். தாத்தா அமைத்த காட்சி பேரனைப் படிக்க வைத்திருக்கிறது.

அவர் மனைவி பெட்டி ஹஸ்ஸி 2006-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மறு ஆண்டு ஜூனில்தான் வீட்டின் உள்பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதனால் அறைகளுக்குள் அருங்காட்சியக வாடை இல்லை, குடும்பம் சற்று வெளியே போயிருப்பதுபோல் இருக்கிறது. இடையில் சில பகுதிகளை வாடகைக்கும் விட்டிருந்தார்கள். மார்கரெட் தாட்சர் அங்கே ஒரு குடியிருப்பை எடுத்திருந்தார்.

மரங்களும் மரபுதானா?

இங்கே நிச்சயமாக. 1987 அக்டோபர் 16 விடியலில் தென் இங்கிலாந்தை அடித்த பெரும்புயலில் ஸ்காட்னி ஏராளமான மரங்களை இழந்தது. சுவர்கள் நின்றன, ஆனால் காட்சி உடைந்தது. முன்புலமும் பின்புலமும் மரங்களால் ஆனவை அல்லவா. மறுபடி நட்டார்கள். இப்போது நீங்கள் பார்ப்பதில் பல, அந்தப் புயலுக்குப் பிறகு வளர்ந்தவை.

அரை நாள்தான் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது?

எல்லாரும் மேலேயிருந்து கீழே இறங்குவார்கள். நான் கீழேயிருந்து ஏறச் சொல்வேன். நேராகப் பழைய கோட்டைக்குப் போய்விடுங்கள். கூரையில்லாத சுவருக்குள் நின்று மேட்டைப் பாருங்கள், மரங்களுக்கு மேல் புகைபோக்கிகள் தெரியும். அங்கிருந்து ஏறிக் குவாரிக்கு வாருங்கள். பாறை முகத்தில் கை வைத்து, அதன் வரியையும் நிறத்தையும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்டியனில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு வீட்டுச் சுவரிடம் வந்து அதே வரியை, அதே நிறத்தைத் தேடுங்கள், கிடைக்கும். கடைசியாக நூலகத்துக்குப் போய், நீங்கள் ஏறி வந்த வழியை ஜன்னல் வழியாகப் பாருங்கள்.